பழைய பிக்கப்புக்குப் புதிய டாஷ்போர்டு: ஸ்டீயரிங்கிலிருந்து தொடங்குங்கள்

1967 முதல் 1972 வரை வந்த செவ்ரொலே சி-10 பிக்கப்பின் டாஷ்போர்டை ஸ்குரூ டிரைவரால் கழற்ற முடியாது. அது கேபினோடு சேர்த்து ஸ்பாட் வெல்டிங் செய்த இரும்புத் தகடு. பார்க்க அழகுதான். ஆனால் அந்த வண்டியைத் தினமும் ஓட்டுகிறவருக்கு இரவில் மங்கும் மீட்டர், பனி படிந்தால் லேசில் தெளியாத முன் கண்ணாடி, முழங்காலுக்கு நேரே நிற்கும் தகட்டு விளிம்பு எல்லாம் நாளாக நாளாக உறுத்தும். அதனால்தான் 1988-க்குப் பிறகு வந்த பிக்கப்பின் பிளாஸ்டிக் டாஷ்போர்டை எடுத்து இந்த மாதிரிப் பழைய கேபினில் உட்கார வைக்கப் பலரும் ஆசைப்படுகிறார்கள்.

நான் மூன்று வண்டிகளில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். முதல் வண்டியில் டாஷ்போர்டை இரண்டு முன் தூண்களுக்கும் நடுவே அளவெடுத்துப் பொருத்தி முடித்துவிட்டு, கடைசியில் ஸ்டீயரிங்கைப் போட்டேன். வேகமானியின் பாதி, ஸ்டீயரிங் வளையத்துக்குப் பின்னால் போய்விட்டது. முள் 40-ல் இருக்கிறதா 60-ல் இருக்கிறதா என்று பார்க்கத் தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது. அத்தனையையும் பிரித்தேன். அடுத்த வண்டியிலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டேன்: முதலில் சீட், அடுத்து ஸ்டீயரிங் தண்டு, அதற்குப் பிறகே டாஷ்போர்டு. இங்கே சொல்லப்போவதும் அந்த வரிசைதான்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டியின் அசல் டாஷ்போர்டு துளைபடாமல், துருப்பிடிக்காமல், முழுசாக இருந்தால் அதை வெட்டாதீர்கள். அந்த அசல் தகட்டின் பள்ளத்திலேயே உட்காரும் புது மீட்டர் தொகுப்புகள் கிடைக்கின்றன. பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். யாரோ ஏற்கெனவே ரேடியோவுக்காக அறுத்து நாசமாக்கிய டாஷ்போர்டு, அடியில் துரு தின்ற டாஷ்போர்டு, இவற்றுக்குத்தான் இந்த முழு வேலையும் பொருந்தும்.

எந்த டாஷ்போர்டை எடுப்பது

அளவு பொருந்துகிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். அதைவிட முன்னதாகப் பார்க்க வேண்டியது மீட்டருக்குத் தகவல் எப்படி வருகிறது என்பது. 1990-களின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான பிக்கப்புகளில் ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு தனி வயர் உண்டு. எரிபொருளுக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று, ஆயில் பிரஷருக்கு ஒன்று. இந்த வகை மீட்டருக்குப் பழைய இன்ஜின் எதுவாக இருந்தாலும் தகவல் கொடுத்துவிடலாம். பிற்காலத்து மீட்டர்களோ இன்ஜின் கணினி அனுப்பும் தரவுச் செய்தியை நம்பி இயங்குபவை. கார்புரேட்டர் இன்ஜின் அப்படி எதையும் அனுப்பாது. 1999-ல் வந்த செவ்ரொலே சில்வராடோ தலைமுறை மீட்டரை ஆசைப்பட்டு வாங்கிவந்து, முள் ஒன்றும் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அந்தத் தலைமுறையின் இன்ஜினையும் கணினியையும் சேர்த்தே மாற்றுகிறீர்கள் என்றால் எடுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம். அதிலும் 2003 முதல் 2006 வரை வந்த மீட்டர்களில் முள்ளைத் திருப்பும் சின்ன மோட்டார்கள் பழுதாவது ஊரறிந்த விஷயம். எடுத்தால் அவற்றை மாற்றிவிட்டே பொருத்துங்கள்.

முதல் முறை செய்கிறவருக்கு நான் சொல்வது செவ்ரொலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் 1988 முதல் 1994 வரையிலான பிக்கப் டாஷ்போர்டு. 1995-ல் உள்ளலங்காரம் மாறி, ஓட்டுநர் பக்க ஏர்பேக் வந்தது. அந்த டாஷ்போர்டு வளைவாக, பார்க்க இன்னும் நன்றாக இருக்கும்; ஆனால் ஏர்பேக்கைப் பற்றிப் பின்னால் சொல்வதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

உதிரி வண்டியிலிருந்து, அதாவது டாஷ்போர்டைக் கொடுக்கும் வண்டியிலிருந்து, எடுக்கும்போது டாஷ்போர்டை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம், பிராக்கெட்டுகள், ஸ்டீயரிங் தண்டு, ஹீட்டரும் ஃபேனும் இருக்கும் காற்றுப் பெட்டி, காற்றுக் குழாய்கள், ஃபியூஸ் பெட்டியோடு சேர்ந்த வயரிங், இன்ஜினில் இருக்கும் வெப்ப சென்சார், ஆயில் பிரஷர் சென்சார், எல்லா ஸ்குரூவும் வேண்டும். வயரை வெட்ட நேர்ந்தால் பயர்வாலுக்கு (கேபினையும் இன்ஜின் அறையையும் பிரிக்கும் தகட்டுச் சுவர்) அந்தப் பக்கம், இன்ஜின் அறைக்குள், முடிந்த அளவு நீளம் விட்டு வெட்டுங்கள். அந்த ஆண்டு வண்டிக்கான வயரிங் படம் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

உதிரி வண்டியின் டாஷ்போர்டில் அதன் அடையாள எண் பொறித்த சிறு தகடு இருக்கலாம். அது உங்கள் வண்டிக்கு வரக் கூடாது. அதைக் கழற்றி வேறு வண்டியில் வைப்பது அமெரிக்காவில் கூட்டரசு அளவிலான குற்றம். அந்தத் தகட்டைப் பற்றி விற்பவரிடமே பேசி முடித்துவிடுங்கள். அதேபோல் உங்கள் வண்டியின் எண் தகடு நீங்கள் வெட்டப் போகும் பகுதியில் இருக்கிறதா என்று பார்த்து, அது இருக்கும் பகுதியைத் தொடாமல் விடும்படி திட்டமிடுங்கள்.

அளவுகள்

டேப்போடு கேபினுக்குள் உட்காருங்கள். இரண்டு முன் தூண்களுக்கும் இடையே உள்ள அகலத்தை மூன்று உயரங்களில் எடுங்கள்: கண்ணாடியின் கீழ் விளிம்பில், மீட்டர் மட்டத்தில், முழங்கால் மட்டத்தில். தூண்கள் நேராக நிற்பதில்லை என்பதால் மூன்றும் வேறு வேறாக இருக்கும். கதவு ரப்பர்களை மாட்டிய நிலையில் எடுங்கள். ரப்பர் இல்லாமல் எடுத்த அளவு இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு விரல் கடை ஏமாற்றிவிடும். கண்ணாடியின் அடியிலிருந்து பயர்வாலுக்கு எவ்வளவு ஆழம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றைவிட முக்கியமான அளவு இன்னொன்று உண்டு. கேபினின் நடுக்கோட்டிலிருந்து ஸ்டீயரிங் தண்டின் நடுப்புள்ளி எவ்வளவு தள்ளி இருக்கிறது? உதிரி டாஷ்போர்டில் மீட்டர் கூட்டின் நடுப்புள்ளி, டாஷ்போர்டின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது? இந்த இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால் டாஷ்போர்டின் இரண்டு ஓரங்களையும் சமமாகக் குறைத்தால் போதும். 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாஷ்போர்டை நடுவில் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். ஸ்டீயரிங் தண்டைப் பக்கவாட்டில் நகர்த்திச் சரிக்கட்டலாம் என்று தோன்றும். தண்டுக்குப் பக்கத்திலேயே பிரேக் பெடல் இருக்கிறது, இன்ஜின் பக்கம் எக்ஸாஸ்ட் குழாய் இருக்கிறது; தண்டு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் இவை இரண்டும் குறுக்கே வரும்.

பிரிப்பது

பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள். அடுத்து, பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 1972 வரை வந்த செவ்ரொலே பிக்கப்புகளில் டேங்க் கேபினுக்கு உள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் நிற்கும். 1973-ல்தான் அது கேபினை விட்டு வெளியே போனது. அதே காலத்து மற்ற பல பிக்கப்புகளிலும் டேங்க் கேபினுக்குள்தான். ஒரு மீட்டர் தூரத்தில் டேங்கை வைத்துக்கொண்டு கிரைண்டரை ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. டேங்கைக் கழற்றி, வேலை நடக்கும் கூரைக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். எரிபொருள் குழாயின் முனையை அடைத்துவிடுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஒவ்வொரு வயரைக் கழற்றும் முன்பும் படம் எடுங்கள், காகித டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், பயர்வால் அட்டையில் கல்நார் இருக்கலாம். தூசு பறக்கும் வேலைக்குச் சாதாரணத் துணி முகமூடி போதாது, வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும். கல்நார் என்று சந்தேகம் வந்தால் அந்த அட்டையை உடைக்காமல், தூசு கிளப்பாமல், அதற்கென்று பழகியவரிடம் விடுங்கள்.

வெல்டிங் செய்த இரும்பு டாஷ்போர்டை அறுக்கும் முன் இரண்டு முன் தூண்களுக்கும் இடையே ஒரு இரும்புக் குழாயைத் தற்காலிகமாக இறுக்கிப் பொருத்துங்கள். அந்தத் தகடு கேபினின் முன்பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. தாங்கல் இல்லாமல் எடுத்தால் தூண்கள் ஒன்றிரண்டு நூல் நகர்ந்து கதவு இடைவெளி மாறிவிடும். அறுப்பதற்கு முன்னும் பின்னும் கதவை மூடி, இடைவெளி அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

அறுக்கும் கோடு எங்கே என்பதில் அவசரம் வேண்டாம். முன் கண்ணாடியின் ரப்பர் உட்காரும் விளிம்பையும் அதற்குக் கீழே 4, 5 சென்டிமீட்டர் தகட்டையும் அப்படியே விடுங்கள். புது டாஷ்போர்டின் மேல் பகுதியைப் போல்ட் போட்டுப் பிடிக்க அந்தத் தகடு வேண்டும். கண்ணாடி ஒழுகாமல் இருக்க அந்த விளிம்பு வேண்டும். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் அங்கங்கே கருகிப் புள்ளி விழும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதனால் அறுக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவது நல்லது.

ஆனால் டாஷ்போர்டை அளவு பார்த்து உட்கார வைக்கும்போது கண்ணாடி அதன் இடத்தில் இருந்தாக வேண்டும். என் இரண்டாவது வண்டியில் கண்ணாடி இல்லாமலேயே டாஷ்போர்டை முன்னால் நன்றாகத் தள்ளிப் பொருத்தி, எல்லாப் பிராக்கெட்டையும் முடித்துவிட்டேன். கண்ணாடி போட்டபோது டாஷ்போர்டின் முன் விளிம்பு நடுவில் ஒரு கையகல நீளத்துக்குக் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெயிலில் பிளாஸ்டிக் விரிந்தபோது அந்த இடத்தில் தொடங்கி மேல்நோக்கி ஒரு கீறல் ஓடியது. இப்போது எல்லாம் கண்ணாடிக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே 8 மில்லிமீட்டர் பலகைத் துண்டுகள் மூன்றை வைத்து இடைவெளி விட்டுத்தான் அளவு பார்க்கிறேன்.

சீட், ஸ்டீயரிங், பிறகு டாஷ்போர்டு

நீங்கள் ஓட்டப்போகும் சீட்டையே போல்ட் போட்டு உட்கார வையுங்கள். பெட்டியைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பது எதற்கும் உதவாது. ஸ்டீயரிங் தண்டை அதன் அடிப் பிராக்கெட்டில் மாட்டி, மேல்பகுதியைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். உட்கார்ந்து, தோளைப் பின்னால் சாய்த்து, கை நீட்டிப் பிடியுங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கிய நிலையில் வளையத்தின் மேல் பகுதியைப் பிடிக்க வர வேண்டும். கிளட்ச் பெடலை முழுதும் மிதித்து எடுங்கள். தொடை வளையத்தில் இடிக்கக் கூடாது. நிலை சரியென்று தோன்றினால் தண்டைக் கட்டையாலும் கிளாம்பாலும் அசையாமல் நிறுத்துங்கள். இனி இதைத் தொடாதீர்கள். டாஷ்போர்டு இதைத் தேடிக்கொண்டு வர வேண்டும்.

ரசமட்டத்தைக் கதவுப் படியின் மேல் குறுக்கே பலகை வைத்து, அதன்மேல் வைத்துப் பாருங்கள். தரை சமமாக இருந்தாலும் பழைய வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஜாக்கியால் கேபினைச் சமப்படுத்திய பிறகே டாஷ்போர்டின் மட்டம் பார்க்க வேண்டும்.

இப்போது டாஷ்போர்டை உள்ளே கொண்டுவந்து இரண்டு ஓரங்களிலும் பெல்ட் கட்டித் தொங்கவிட்டு, அடியில் மரக்கட்டைகள் கொடுங்கள். இன்னும் வெட்டவில்லை என்பதால் அகலம் அதிகமாக இருக்கும், கொஞ்சம் பின்னால்தான் நிற்கும். பரவாயில்லை. மீட்டரைக் கூட்டுக்குள் வைத்து, ஸ்டீயரிங் வளையத்தை மாட்டி, நேராக ஓடும் நிலையில் நிறுத்தி, கண் மட்டத்திலிருந்து பாருங்கள். வேகமானியும் எரிபொருள் மீட்டரும் எச்சரிக்கை விளக்குகளும் வளையத்துக்கும் குறுக்குக் கம்பிக்கும் இடையே முழுதாகத் தெரிகிற வரை டாஷ்போர்டை ஏற்றி இறக்குங்கள். உங்களைவிடக் குள்ளமானவர், உயரமானவர் என்று வண்டியை ஓட்டக்கூடிய எல்லோரையும் உட்கார வைத்துப் பாருங்கள்.

அந்த இடத்தில் டாஷ்போர்டு இருக்கும்போதே இவற்றைச் சோதித்துவிடுங்கள். தரையில் கியர் தண்டு இருக்கும் வண்டியில் முதல் கியரும் மூன்றாவது கியரும் தண்டை முன்னால் கொண்டுபோகும். டாஷ்போர்டின் நடுப்பகுதி கையில் இடிக்கிறதா? ஸ்டீயரிங்கில் கியர் இருந்தால் பார்க் நிலையில் லிவர் மீட்டர் கூட்டைத் தொடுகிறதா? வைப்பர் மோட்டாரும் அதன் கம்பிகளும் தாராளமாகச் சுழல்கின்றனவா? பிரேக் பெடல் கடைசி வரை போகிறதா? கதவை மூடினால் டாஷ்போர்டு ஓரத்துக்கும் கதவு அட்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிறதா? எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகு தூண்கள் மீதும் தகடு மீதும் மார்க்கரால் கோடு போட்டுவிட்டு டாஷ்போர்டை வெளியே எடுங்கள்.

வெட்டி ஒட்டுவது

புதியவர்கள் அதிகம் பயப்படும் இடம் இது. பயம் நியாயமானதுதான், ஆனால் அட்டை இருந்தால் பயம் பாதியாகும். டாஷ்போர்டின் குறுக்குவெட்டு வடிவத்தை 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக அட்டையில் வெட்டி எடுங்கள். எந்த இரண்டு அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் விளிம்பு பிசகாமல் பொருந்துகின்றனவோ, அந்த இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கும் துண்டைத்தான் எடுக்க வேண்டும். உருவம் மாறாத இடத்தில் துண்டை எடுத்தால் வெட்டின இரண்டு முகமும் தானாக ஒட்டிக்கொள்ளும். உருவம் மாறிக்கொண்டே வரும் இடத்தில் எடுத்தால் பட்டி பூசிப் பூசி ஒப்பேற்ற வேண்டிவரும். பெரும்பாலும் நடுவில் ரேடியோ பகுதிக்கும் கையுறைப் பெட்டிக்கும் இடையே நல்ல இடம் கிடைக்கும். கையுறைப் பெட்டியின் கதவையோ காற்று வாயையோ குறுக்கே வெட்டும்படி கோடு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டும் முன் பின்பக்கம் புரட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் வகை எழுத்தாக அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்றால் அதே வகைக் குச்சியால் உருக்கி ஒட்டலாம். வெட்டிய துண்டை அசிட்டோனில் கரைத்த கூழே நல்ல பசையாகும். பிபி அதாவது பாலிபுரோப்பிலீன் என்றால் அசிட்டோன் ஒன்றும் செய்யாது, பிபி குச்சியால் உருக்கி ஒட்டுவதே வழி. எதுவாக இருந்தாலும் ஒட்டியதோடு விட்டுவிடாமல் பின்பக்கம் அலுமினியப் பட்டை வைத்து ரிவெட் அடியுங்கள். மேலே தகர வேலைக்குப் போடும் சாதாரணப் பட்டியைப் பூசாதீர்கள். பிளாஸ்டிக் வெயிலில் விரியும் அளவுக்குப் பட்டி விரியாது. ஒரு கோடைக்குள் மூட்டு கோடாகத் தெரிந்துவிடும். பம்பர் வேலைக்கு வரும் வளையும் பட்டியை வாங்குங்கள். மேலே வினைல் போர்த்தினால் மூட்டு முழுதாக மறையும்.

தாங்கும் சட்டம்

பிளாஸ்டிக் டாஷ்போர்டு தன் எடையை மட்டும்தான் தாங்கும். ஸ்டீயரிங் தண்டின் எடையும், அதைப் பிடித்து இழுத்து நீங்கள் உட்காரும் விசையும், இரும்புக்குப் போக வேண்டும். தூணிலிருந்து தூணுக்கு ஒரு இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் தகடு, அதில் போல்ட். இதைக் கேபினோடு பற்றவைத்துவிடாதீர்கள். நாளை ஒரு ஹீட்டர் குழாய் ஒழுகினால் அத்தனையும் கழற்ற வர வேண்டும். தண்டின் பிராக்கெட்டைப் பிடிக்க 8.8 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாத போல்ட் போடுங்கள்.

விபத்தில் மார்பில் குத்தாமல் மடங்கும் ஸ்டீயரிங் தண்டை ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடலிலிருந்து கொண்டுவந்தது. உங்கள் உதிரித் தண்டும் அப்படித்தான் இருக்கும். அதை அறுத்துப் பற்றவைத்து நீளம் மாற்றினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தண்டுக்கும் ஸ்டீயரிங் கியர் பெட்டிக்கும் நடுவே வரும் இணைப்புத் தண்டை மட்டும் நீளம் மாற்றுங்கள். அந்த இணைப்பில் மூன்று மூட்டுகள் வந்தால் நடுவில் ஒரு தாங்கு பேரிங் கட்டாயம். ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எந்த வெல்டிங்கையும் பழகும் கை செய்யக் கூடாது, தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

ஏர்பேக்

ஏர்பேக் உள்ள டாஷ்போர்டை எடுத்தவர்களுக்கு: அழகுக்காக ஏர்பேக்கை அப்படியே மாட்டாதீர்கள். அது எப்போது வெடிக்க வேண்டும் என்று சொல்லும் சென்சாரும் கணினியும் அந்த உதிரி வண்டியின் உடலுக்கென்று கணக்கிட்டவை. உங்கள் பழைய சட்டத்தில் அது தேவையான நேரத்தில் வெடிக்காது, தேவையில்லாத நேரத்தில் வெடிக்கலாம். உதிரி வண்டியில் பேட்டரியைக் கழற்றி அரை மணி நேரம் விட்ட பிறகே தொடுங்கள். மல்டிமீட்டராலோ டெஸ்ட் லாம்பாலோ அதன் வயரைச் சோதிக்காதீர்கள். சின்ன மின்சாரமே அதைத் தூண்டிவிடும். கழற்றியதை முகப்பு மேலே பார்க்கும்படி வையுங்கள். உங்கள் வண்டிக்கு ஏர்பேக் இல்லாத வளையத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

காற்று

டாஷ்போர்டின் காற்று வாய்களும் காற்றுப் பெட்டியும் ஒரே வண்டியிலிருந்து வந்திருந்தால் குழாய்கள் நேராகப் பொருந்தும்; பயர்வாலில் புதுத் துளை போட்டு, பழைய துளைகளைத் தகடு வைத்து அடைக்க வேண்டும். பழைய பெட்டியையே வைத்துக்கொண்டால் வளையும் குழாயால் இணைக்கலாம். எதுவானாலும் முன் கண்ணாடிக்குப் போகும் காற்றை விட்டுவிடாதீர்கள். மெல்லிய காகிதக் கீற்றுகளைக் கண்ணாடியின் அடியோரமாக ஒட்டி, ஃபேனை ஓடவிடுங்கள். ஓட்டுநர் பக்கக் கீற்றுகள் எல்லாம் மேல்நோக்கிப் படபடக்க வேண்டும்.

வயரிங்கும் மீட்டர்களும்

இங்கேதான் பொறுமை வேண்டும். முதலில் வோல்டேஜ். செவ்ரொலே பிக்கப்புகள் 1955-ல் புது உருவத்தோடு 12 வோல்ட்டுக்கு மாறின. ஃபோர்டு 1956-ல் மாறியது. அதற்கு முந்தையவை 6 வோல்ட். பழைய ஃபோர்டில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த்தில் இருக்கும். அப்படிப்பட்ட வண்டி என்றால் முழு வண்டியையும் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் என்று மாற்றிய பிறகுதான் புது மீட்டரை நினைக்கவே வேண்டும்.

எரிபொருள் மீட்டரின் கதை ஓம் கணக்கு, அதாவது மின்தடையின் அளவு. டேங்கில் இருக்கும் மிதவை, மின்தடையை மாற்றுகிறது. மீட்டர் அதைப் படிக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 1965-லிருந்து பல்லாண்டுகள் காலி டேங்குக்கு 0, முழு டேங்குக்கு 90 ஓம். அந்தக் காலத்து ஃபோர்டில் காலிக்கு 73, முழுதுக்கு 10. அதாவது திசையே தலைகீழ். தனியாக விற்கும் மீட்டர்கள் பலவற்றில் காலிக்கு 240, முழுதுக்கு 33. 1990-களின் கடைசியில் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் காலிக்கு 40, முழுதுக்கு 250. 1988-ன் டாஷ்போர்டு 1970-ன் சி-10-ல் எரிபொருளை ஒழுங்காகக் காட்டுவதற்குக் காரணம் இரண்டும் 0-90 என்பதே. ஃபோர்டு டேங்கில் அதே மீட்டரை இணைத்தால் நிரப்பிய டேங்கைக் கிட்டத்தட்டக் காலி என்று காட்டும். மீட்டருக்குத் தகுந்த மிதவையை டேங்கில் போடுவது சுத்தமான வழி. மீட்டரை வண்டியில் மாட்டும் முன் மேஜையில் 12 வோல்ட் கொடுத்து, மிதவைக்குப் பதில் ஒரு மாறும் மின்தடையை இணைத்துத் திருப்பிப் பாருங்கள். முள் காலியிலிருந்து முழுது வரை போகும்போது எத்தனை ஓம் என்று தெரிந்துவிடும்.

அதே காலத்து ஃபோர்டு, டாட்ஜ் மீட்டர்கள் பலவற்றில் முள்கள் 12 வோல்ட்டில் ஓடுவதில்லை. மீட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரெகுலேட்டர் சராசரி 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். அதைத் தவிர்த்து நேராக இணைத்தால் முள்கள் கருகிப்போகும்.

வெப்பத்துக்கும் ஆயில் பிரஷருக்கும் உதிரி வண்டியின் சென்சாரையே உங்கள் இன்ஜினில் போடுங்கள். மரை பொருந்தாவிட்டால் இடையில் அடாப்டர் போடலாம்.

வேகமானிக்கு வருவோம். பழைய கேபிள் வேகமானியில் கேபிள் ஒரு மைலுக்கு 1000 முறை சுழலும். 1988 செவ்ரொலே போன்ற மின் வேகமானி ஒரு மைலுக்கு 4000 மின் துடிப்புகளை எதிர்பார்க்கிறது. ஃபோர்டின் மின் வேகமானிகள் பெரும்பாலும் 8000. கேபிள் மாட்டும் இடத்தில் திருகும் துடிப்பு சென்சார் கிடைக்கும். ஒரு சுழற்சிக்கு 8 துடிப்பு தரும் சென்சார் மைலுக்கு 8000 தரும், 16 துடிப்பு தருவது 16000 தரும். உங்கள் மீட்டருக்கு வேறு எண் வேண்டுமென்றால் இடையில் ஒரு மாற்றிப் பெட்டி தேவை. டயர் அளவு மாறியிருந்தால் கணக்கும் மாறும். ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டு மாற்றிப் பெட்டியைத் திருத்துங்கள்.

பழைய வண்டியின் சார்ஜ் மீட்டர் ஆம்ப் காட்டும் வகையாக இருந்தால், பல வண்டிகளில் சார்ஜ் மின்சாரம் முழுதும் தடித்த வயரில் டாஷ்போர்டு வரை வந்து திரும்பும். புது டாஷ்போர்டில் இருப்பது வோல்ட் மீட்டர். அந்தத் தடித்த வயர்கள் இனி உள்ளே வர வேண்டாம். அவற்றை இன்ஜின் அறையிலேயே இணைத்து, பேட்டரிப் பக்கம் உருகும் இணைப்பு (மின்சாரம் மிகுந்தால் ஃபியூஸ் போல உருகி அறுந்துவிடும் வயர்த் துண்டு) வையுங்கள்.

ஒரு சின்ன விளக்கு பலரை நாள்கணக்கில் அலையவிட்டிருக்கிறது. பேட்டரி எச்சரிக்கை விளக்கு வழியாகப் போகும் மின்சாரம்தான் பல ஆல்டர்நேட்டர்களை எழுப்புகிறது. புது டாஷ்போர்டில் அந்த விளக்கு இல்லை, அல்லது எல்இடியாக மாற்றிவிட்டீர்கள் என்றால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் ஏற்றாமல் இருந்துவிடும். அதற்காக நேராக 12 வோல்ட் கொடுத்தால் சில ஆல்டர்நேட்டர்களின் ரெகுலேட்டர் போய்விடும். அந்த வயரில் விளக்குக்குச் சமமான மின்தடை ஒன்றைப் போடுவதே சரி.

இரும்பு டாஷ்போர்டு தானே எர்த்தாக இருந்தது. பிளாஸ்டிக்குக்கு அந்தக் குணம் இல்லை. மீட்டர், விளக்கு, ஃபேன், ரேடியோ எல்லாவற்றின் எர்த் வயரையும் ஒரு செம்புப் பட்டையில் சேர்த்து, பெயின்ட் சுரண்டிய இரும்பில் போல்ட் போட்டு, அங்கிருந்து தடித்த வயர் ஒன்றைப் பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டுபோங்கள். விளக்கைப் போட்டால் எரிபொருள் முள் ஆடுகிறது என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம், எர்த்தைப் பாருங்கள்.

முடிக்கும் முன்

ஓடோமீட்டரின் எண் மாறிவிடும். பழைய எண்ணைப் படமெடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள். அமெரிக்காவில் புது மீட்டரைப் பழைய எண்ணுக்குக் கொண்டுவர முடியாவிட்டால் பூஜ்யத்தில் வைத்து, மாற்றுவதற்கு முன் இருந்த எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதிய அறிவிப்பை இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். மற்ற நாடுகளில் அங்குள்ள விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரியை இணைக்கும்போது ஒரு ஃபியூஸ் மட்டும் போட்டு, அந்தச் சுற்று வேலை செய்வதைப் பார்த்து, அடுத்ததைப் போடுங்கள். பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கைத் தொடும் இடத்திலெல்லாம் துணி டேப் ஒட்டினால் கிறீச்சொலி வராது. முதல் முறை கண்ணாடி அருகே கை வைத்தபடி மெதுவாகப் பள்ளம் மேட்டில் ஓட்டி, அதிர்வு எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். 200 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஸ்டீயரிங் தண்டின் போல்ட்டுகளையும் சட்டத்தின் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

எந்த வண்டியின் டாஷ்போர்டு, எந்த ஆண்டு, எந்த வயர் எந்த நிறம், எந்த சென்சார், மாற்றிப் பெட்டியில் என்ன எண் வைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, வயரிங் படத்தோடு கையுறைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து அந்த டாஷ்போர்டின் அடியில் டார்ச்சோடு படுத்திருப்பவருக்கு, அது நீங்களாகவே இருந்தாலும், அந்தத் தாள் வேண்டியிருக்கும்.